வசதியான ஒரு காரணம்

ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயிடம் யாரும் முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்பதில்லை. கர்ப்பத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது, அழுதது, பயணம் போனது எல்லாம் விசாரணைக்கு வரும். பெரும்பாலான தாய்மார்களுக்கு அந்த விசாரணையில் சொல்ல ஒன்றும் இருக்காது. என்னிடம் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் குடல்வால் அழற்சி, இரவோடு இரவாக அறுவைச் சிகிச்சை, முழு மயக்கம். மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான வாரத்தில் என் நாத்தனார் சொன்னாள்: “அந்த மயக்க மருந்துதான் அண்ணி காரணம்.” அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றைக் கொடுப்பதாகவே அவள் நினைத்திருக்க வேண்டும்.

வளர்ச்சி மதிப்பீட்டுப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. “கர்ப்ப காலத்தில் அறுவைச் சிகிச்சை ஏதேனும்?” ஆம் என்று குறித்துக் கொடுத்தேன். படிவத்தை வாங்கிய மருத்துவர் அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் பேனாவால் வட்டம் போட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, “குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்” என்றார். அந்த அவ்வளவுதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

நான் மருத்துவர் அல்ல, புள்ளியியல் கற்பித்துப் பிழைப்பவள். அதனால் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, என் மாணவர்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியை அவற்றிடமும் கேட்டேன்: யாரோடு ஒப்பிட்டு?

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மயக்க மருந்துகள் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள். எந்த இயல்பால் தாயின் மூளைக்குள் நுழைகின்றனவோ, அதே இயல்பால் நஞ்சுக்கொடியையும் கடந்து சிசுவை அடைகின்றன. தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்துகள் மின்னூட்டம் உடையவை என்பதால் பெரும்பாலும் தாயோடு நின்றுவிடும். புரோபோஃபோல், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க மருந்துகள் நிற்பதில்லை. மூளைக்குள் போனதும் இவை பெரும்பாலும் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. ஒன்று, காபா என்ற சமிக்ஞையை வலுப்படுத்துவது. மற்றொன்று, நரம்பணுக்கள் சமிக்ஞையை வாங்கும் வாசல்களில் ஒன்றான என்எம்டிஏ என்ற ஏற்பியை அடைப்பது. வளர்ந்த மூளையில் காபா நரம்பணுக்களை அடக்கி வைக்கும். கருவின் மூளையிலோ, நரம்பணுக்களுக்குள் குளோரைடு அதிகம் தேங்கியிருப்பதால், அதே காபா அவற்றைத் தூண்டிவிடும். நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்வதிலும், ஒன்றோடொன்று இணைவதிலும் அந்தத் தூண்டலுக்குப் பங்குண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியிலிருந்து ஒரு மருந்து வந்து குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயம்தான்.

அதை முதலில் எலிகளிடம் கேட்டார்கள். என்எம்டிஏ ஏற்பிகளை அடைத்தால் பிறந்து சில நாட்களே ஆன எலிக்குட்டிகளின் மூளையில் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்ற ஆய்வு 1999-இல் வந்தது. 2003-இல் இன்னொன்று. ஏழு நாள் எலிக்குட்டிகளுக்கு மிடசோலம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து 6 மணி நேரம் கொடுத்தார்கள். நரம்பணுக்கள் மடிந்தன. வளர்ந்த பிறகு அந்த எலிகள் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. பின்னர் கர்ப்பமான ரீசஸ் குரங்குகளுக்கு 5 மணி நேரம் ஐசோஃப்ளூரேன் கொடுத்துப் பார்த்தபோது, கருவின் மூளையிலும் செல்கள் மடிந்திருந்தன.

இந்த மணிக்கணக்கைக் கவனியுங்கள். என் அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. விரைவாக வளர்ந்து முடியும் எலியின் மூளைக்கு 6 மணி நேரம் என்பது மனித மூளையின் வளர்ச்சியில் மிக நீண்ட காலத்துக்குச் சமம். போதாததற்கு, ஒரு எலிக்குட்டியின் இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் மனிதருக்குச் செய்வதுபோல் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துச் சரிசெய்வது மிகக் கடினம். மடிந்த செல்களில் மருந்தால் மடிந்தவை எத்தனை, மூச்சுக் குறைந்ததால் மடிந்தவை எத்தனை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்த விலங்கு ஆய்வுகளின் பலத்தில்தான் 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் மயக்க மருந்தைத் திரும்பத் திரும்பவோ, 3 மணி நேரத்துக்கு மேலாகவோ கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்றது. 11 மருந்துகளின் பெயர்களும் அதில் இருந்தன. குறுகிய நேரம் ஒரே ஒரு முறை கொடுப்பதால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்ற பொருளிலான வரியும் அதே அறிவிப்பில் இருந்தது. அந்த இரண்டாவது வரியை யாரும் எனக்கு அனுப்பி வைக்கவில்லை.

விலங்குகளை விட்டு மனிதர்களிடம் வந்தால்தான் கதை சூடு பிடிக்கிறது. 2020 அக்டோபரில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. தெற்கு கலிபோர்னியாவில் ஒரே காப்பீட்டு மருத்துவமனைக் குழுமத்தில், 2008 முதல் 2015 வரை இயல்பான பிரசவத்தில் பிறந்த 1,47,895 குழந்தைகளின் பதிவுகள். பிரசவ வலிக்கு எபிடியூரல் ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் 1.9 சதவீதம் பேருக்கு ஆட்டிசம்; பெறாதவர்களின் குழந்தைகளில் 1.3 சதவீதம். தாயின் வயது, படிப்பு, வருமானம் முதலியவற்றால் வரும் வித்தியாசத்தை ஈடுசெய்த பிறகு ஆபத்து 37 சதவீதம் கூடுதல் என்று கட்டுரை முடிவு சொன்னது. ஊசியின் நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடியதாம்.

37 சதவீதம் என்ற எண் தலைப்புச் செய்தியாகப் பிறந்த எண். ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் என்பது ஏறத்தாழ 18 பேராகிறது என்று அதே தகவலைச் சொன்னால் யாரும் நின்று வாசிக்க மாட்டார்கள். அது கிடக்கட்டும். எனக்கு உறுத்தியது வேறு. எபிடியூரலில் கொடுப்பது மிகக் குறைந்த செறிவுள்ள மரப்பு மருந்து. அது தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் போய்த் தங்குகிறது. தாயின் இரத்தத்தில் கலப்பது சொற்பம், அதிலும் சிசுவுக்குப் போவது அதைவிடச் சொற்பம். பிறக்கச் சில மணி நேரமே இருக்கும் ஒரு மூளையில், பெரும்பாலும் கருக்காலத்திலேயே வேர்விடும் ஆட்டிசத்தை இந்தச் சொற்பம் எப்படி உண்டாக்கும்?

அப்படியானால் யாரோடு ஒப்பிட்டார்கள்? அந்த மருத்துவமனைகளில் நான்கில் மூன்று தாய்மார்கள் எபிடியூரல் வாங்கியவர்கள். வாங்காத அந்த ஒருத்தி யார்? வந்து சேர்வதற்குள் பிரசவமாகிவிட்டவள். ஏற்கெனவே பெற்றெடுத்து, வலி எளிதாகக் கடந்துவிட்டவள். ஊசி வேண்டாம் என்று கொள்கையாக இருப்பவள். வாங்கியவள் யார்? முதல் பிரசவம், நீண்ட வலி, வலியைத் தூண்ட மருந்து ஏற்றப்பட்டவள், ஏதோ சிக்கலுக்காகக் கண்காணிக்கப்பட்டவள். ஊசியின் நேரம் கூடினால் ஆபத்து கூடுகிறது என்பதை, பிரசவ வலியின் நேரம் கூடினால் என்றும் படிக்கலாம். இது போதாதென்று, மருத்துவமனைக்கு அதிகம் வந்துபோகும் குடும்பம், குழந்தையின் வளர்ச்சியைப் பற்றியும் முதலில் மருத்துவரிடம் கேட்கும். கேட்கிற வீட்டில்தான் ஆட்டிசம் கண்டறியப்படும். குடை பிடித்திருப்பவர்களின் கால்கள் மற்றவர்களைவிட அதிகம் நனைந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, குடைதான் நனைக்கிறது என்று எழுதியது போலத்தான்.

கட்டுரை வந்தவுடனேயே அமெரிக்காவின் மயக்கவியல், மகப்பேறு, குழந்தை மயக்கவியல் சங்கங்கள் ஐந்தும் சேர்ந்து, இந்தத் தொடர்பு காரணத்தை நிறுவவில்லை என்று அறிக்கை விட்டன. சங்கங்கள் சொன்னால் நம்பலாமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு, அடுத்த ஆண்டே எண்கள் வந்தன. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் 1,23,175 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஈடுசெய்யாத கணக்கில் அங்கும் வித்தியாசம் தெரிந்தது, 2.1-க்கு 1.7 சதவீதம். தாயின் உடல், மனநலம், கர்ப்பச் சிக்கல்கள், பிரசவ விவரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க வித்தியாசம் கரைந்துகொண்டே போனது. கடைசியில், ஒரே தாயின் இரு குழந்தைகளில் ஒருவருக்கு எபிடியூரல், மற்றவருக்கு இல்லை என்ற குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. டென்மார்க்கில் 4,79,178 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் 1.05 மடங்கு என்று வந்தது. தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

இந்தச் சகோதர ஒப்பீட்டைப் புள்ளியியலில் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே வீடு, ஒரே தாய், மரபணுவில் பாதி பொது, வருமானமும் சுபாவமும் பெரும்பாலும் அதே. மாறுவது ஊசி மட்டும் என்று முழுமையாகச் சொல்ல முடியாவிட்டாலும், மற்ற ஒப்பீடுகளைவிட அதற்கு மிக அருகில் வருகிறது. சிசேரியன் விஷயத்திலும் இதுவேதான் நடந்தது. சுவீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த 2015 ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆட்டிசம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிந்தது. உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டதும் காணாமல் போய்விட்டது.

முழு மயக்கம் கொடுத்துச் செய்த சிசேரியன் என்று தனியே எடுத்தால், தைவானிலும் இஸ்ரேலிலும் தொடர்பு தெரிந்தது உண்மை. முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன்களில் அது தெரியவில்லை. அப்போது மருந்துதானே குற்றவாளி என்று தோன்றும். ஆனால் இன்றைய மருத்துவமனைகளில் சிசேரியனுக்கு முழு மயக்கம் யாருக்குக் கொடுக்கிறார்கள்? சிசுவின் இதயத் துடிப்பு சரிந்துகொண்டிருக்கிறது, நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, முதுகில் ஊசி போட்டுக் காத்திருக்க நேரமில்லை. அந்தக் கடைசிச் சில நிமிடங்களில் சிசுவுக்கு நேர்ந்ததை எல்லாம் மருந்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இனி என் கணக்கு. பிரசவத்துக்குச் சம்பந்தமில்லாத அறுவைச் சிகிச்சை, கர்ப்பத்தின் நடுவில். இது அபூர்வம் என்று நினைத்திருந்தேன். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் நடக்கிறது. சுவீடனில் 1973 முதல் 1981 வரையான 7,20,000 பிறப்புகளில் 5,405 தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் கத்திக்குக் கீழே போயிருக்கிறார்கள். 1989-இல் வந்த அந்த ஆய்வில் பிறவிக் குறைபாடுகள் கூடவில்லை. எடை குறைந்த பிறப்புகள் கூடின. அறுவைச் சிகிச்சைக்குக் காரணமான நோயே அதற்கும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் அன்று அவர்கள் பார்த்தது பிறந்தவுடன் தெரிபவற்றை. பள்ளி வயதில் தெரிபவற்றை அல்ல.

அந்த இடைவெளியை நிரப்பும் ஆய்வுகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. 2024-இல் அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. குடல்வால், பித்தப்பை போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்காக வயிற்றில் இருக்கும்போதே மயக்க மருந்துக்கு உள்ளான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் நடத்தை, மனநிலைக் கோளாறுகள் சுமார் 1.3 மடங்கு அதிகம் கண்டறியப்பட்டதாக அது சொல்கிறது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆசிரியர்கள் கவனமானவர்கள், ஒப்பீட்டுக்கு எடுத்த தாய்மார்களையும் பல வகைகளில் பொருத்திப் பார்த்தே எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பது குடல்வால் வீங்காத பெண்கள். காய்ச்சல், வயிற்றுக்குள் தொற்று, அழற்சி, வலி, வலிநிவாரணிகள், ஆண்டிபயாட்டிக், பயம், பட்டினி எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் இவை எதுவுமில்லாத ஒரு கர்ப்பம். தாய்க்குக் கடுமையான தொற்றும் காய்ச்சலும் வருவதற்கும் குழந்தையின் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று வேறு ஆய்வுகள் தனியாகவே காட்டுகின்றன. என் உடலில் அன்றிரவு மயக்க மருந்து மட்டுமா இருந்தது? முதலில் இருந்தது சீழ் பிடித்த குடல்வால்தான்.

எனக்கு முன்னால் அன்று இருந்தவை இரண்டே வழிகள். மயக்கத்தோடு அறுவைச் சிகிச்சை, அல்லது குடல்வால் வெடிக்கும்வரை காத்திருப்பது. வெடித்தால் கரு கலையும் ஆபத்து பல மடங்கு ஏறும் என்று எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்வார். “மயக்க மருந்து இல்லாத, நோயும் இல்லாத கர்ப்பம்” என்ற மூன்றாவது வழி என் முன்னால் இருக்கவே இல்லை. என் நாத்தனார் என்னை ஒப்பிட்டது அந்த மூன்றாவது பெண்ணோடு.

அறுவை அரங்கில் நான் நினைவோடு இருந்த சில நிமிடங்கள் தெளிவாக ஞாபகத்தில் இருக்கின்றன. வலது இடுப்புக்கடியில் மடித்த துணி ஒன்றைத் திணித்து, என்னை இடது பக்கம் சாய்த்தார்கள். எதற்கு என்று கேட்டேன். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்திவிடும், சிசுவுக்குப் போகும் இரத்தம் குறையும் என்றார் மயக்க மருந்து கொடுக்க வந்த மருத்துவர். “மருந்து எவ்வளவு என்பதைவிட உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் இன்று என் கவனம்” என்றும் சொன்னார். இரத்த அழுத்தப் பட்டை கையை அடிக்கடி இறுக்கிக்கொண்டே இருந்தது. கர்ப்பிணிகளுக்கு மயக்க மருந்தே வழக்கத்தைவிடக் குறைவாகப் போதும் என்பதையும், மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவைக்கூட கர்ப்பத்துக்கு ஏற்ற அளவில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் படிவத்தில் வட்டம் போட்டவர் இதையெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறித்து வைக்க நல்ல தகவல் கிடைத்திருக்கும்.

தாய்மார்களை விட்டுவிட்டுக் குழந்தைகளிடமே நேரடியாகச் சோதித்த ஆய்வு உண்டா? கருவில் அப்படிச் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன சிசுக்களில் செய்திருக்கிறார்கள். குடலிறக்க அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட 722 சிசுக்களில் ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு விழித்திருக்கையிலேயே முதுகில் மரப்பு ஊசி. மயக்க நேரம் சராசரியாக ஒரு மணிக்கும் சற்றுக் குறைவு. ஐந்து வயதில் சோதித்தபோது இரு பிரிவின் அறிவுத்திறன் மதிப்பெண்களிலும் வித்தியாசம் இல்லை; 2019-இல் முடிவு வெளியானது. இங்கே ஒப்பீடு சுத்தமானது: எல்லோருக்கும் அதே நோய், அதே கத்தி, மாறியது மயக்கம் மட்டும். எலியையும் குரங்கையும்விட இந்த 722 பேரை நான் அதிகம் நம்புகிறேன்.

மருந்துகளால் ஆட்டிசம் வரவே வராது என்று வாதிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிப்பு நோய்க்குத் தரும் வால்புரோயேட் இதற்கு எதிர் உதாரணம். டென்மார்க்கில் 2013-இல் வந்த ஆய்வில், அந்த மருந்தை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஆட்டிசம் சுமார் 4.4 சதவீதம், பொதுவாக 1.5. இங்கும் நான் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் இருந்தது. வலிப்பு நோய் இருந்தும் வால்புரோயேட் எடுக்காத தாய்மார்களோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் நின்றது. குறைந்தது, ஆனால் மறையவில்லை. உண்மையான ஆபத்து இப்படித்தான் நடந்துகொள்ளும். ஒப்பீடு சரியாகச் சரியாக அது கரைந்து போகாது. (அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பத்தில் கட்டுப்படாத வலிப்பும் ஆபத்தே. மருத்துவரிடம் பேசுங்கள்.)

இத்தனைக்கும், ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரை வைத்துச் செய்த 2019 ஆய்வு ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கை ஏறத்தாழ 80 சதவீதம் என்று மதிப்பிடுகிறது. இந்த எண்ணைச் சொன்னால் உறவினர்கள் முகம் மாறுகிறது. மரபணு என்றால் இரு குடும்பங்களுக்கும் பங்கு வந்துவிடுகிறதே! மயக்க மருந்து என்றால் என்னோடு போகும். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்ததற்குப் பின் கால் நூற்றாண்டு முழுக்க, பாசமில்லாத தாய்தான் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பெரிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை 1964-இல் ஆதாரத்தோடு எதிர்த்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. பாசம் போய் இப்போது தடுப்பூசி, மாத்திரை, எபிடியூரல், மயக்க மருந்து என்று பட்டியல் மாறியிருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மாறவில்லை.

என் மகனுக்கு இந்தக் கட்டுரைகள் மேல் வேறொரு புகார் உண்டு. அச்செடுத்து மேசையில் வைத்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் ஏன் நான்கு இலக்க எண் போட்டிருக்கிறது, மற்ற பக்கங்கள் எங்கே என்று கேட்பான். ஆய்விதழ்கள் ஆண்டு முழுவதற்கும் தொடர்ந்து பக்க எண் இடும் என்ற விளக்கம் அவனுக்குத் திருப்தி அளிக்கவில்லை. முழு ஆண்டையும் கொண்டு வா என்கிறான்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படும் கர்ப்பிணிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இவ்வளவே. தள்ளிப்போடக்கூடியதா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அழகுக்காகவோ வசதிக்காகவோ என்றால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தள்ளிப்போட முடியாதென்றால் தள்ளாதீர்கள். அவசியமான அறுவைச் சிகிச்சையைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் மறுக்கக் கூடாது என்பதே அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பின் நிலைப்பாடும். உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து முடிக்க முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும், இரத்த அழுத்தத்தை எப்படிக் காப்பீர்கள் என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேளுங்கள். பிரசவ வலிக்கு எபிடியூரல் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம். ஆட்டிசத்தை அந்த முடிவுக்குள் இழுக்காதீர்கள்.

செய்ய வேண்டிய ஆய்வு ஒன்று பாக்கி இருக்கிறது என்பது என் கட்சி. சிக்கலில்லாத குடல்வால் அழற்சியைச் சில இடங்களில் இப்போது அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஆண்டிபயாட்டிக்கால் மட்டும் சமாளிக்கிறார்கள். கர்ப்பிணிகளிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அதே நோய், அதே காய்ச்சல், மயக்க மருந்து மட்டும் இல்லை. என்னை அந்தப் பெண்களோடுதான் ஒப்பிட வேண்டும். அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் ஒரு நாட்டின் பதிவேடு போதாது. பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து, குழந்தைகள் பள்ளி வயதை எட்டும்வரை பின்தொடர வேண்டியிருக்கும். ஆண்டிபயாட்டிக் போதும் என்று மருத்துவர் முடிவெடுத்த பெண்களின் நோய் லேசானதாகவே இருந்திருக்கும் என்பதால், அந்த ஒப்பீட்டிலும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்பதைத்தான் இந்தப் பருவத்தில் என் முதுநிலை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன்.